உங்கள் செயலிக்குள் என்னென்ன இருக்கிறது?

(பொதுமக்கள், கணினி பயிலும் மாணவர்கள், சிறுதொழில் செய்வோர் ஆகியோரிடையே விருதுநகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



உங்க கையில் இருக்கும் போனில் இருந்தே தொடங்கலாம். முன்னெல்லாம் ஒரு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தாலுகா அலுவலகம் போகணும். இப்போ பக்கத்து இ-சேவை மையத்திலோ, வீட்டில் உட்கார்ந்தபடி போனிலோ விண்ணப்பிக்கிறோம். பட்டா, சிட்டா பார்க்கிறோம். கரண்ட் பில் கட்டுகிறோம். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்குப் பதிவு செய்கிறோம்.

இப்படி ஒரு இணையச் செயலியில் எத்தனை வேலை நடக்குது என்று ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பிறந்த தேதி கட்டத்தைத் தொட்டால் காலண்டர் விரியுது. ரேஷன் கார்டை போட்டோ எடுத்துப் போட்டால் அதன் அளவு சுருங்குது. ஓடிபி வருது. கடைசியில் கையில் ஒரு பிடிஎஃப் கிடைக்குது. இது அத்தனையையும் ஒரே குழு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து எழுதுவது கிடையாது. உலகத்தில் பெரிய நிறுவனங்கள்கூட அப்படிச் செய்வதில்லை. வேறு யாரோ முன்பே எழுதி, சோதித்து, பொதுவில் வைத்திருக்கும் நிரல்களை எடுத்துச் சேர்த்துத்தான் செயலியைக் கட்டுகிறார்கள். அந்த நிரல் தொகுப்புக்குப் பெயர்தான் லைப்ரரி. ஒரு செயலி எந்தெந்த லைப்ரரிகளை நம்பி நிற்குதோ, அவை அதன் சார்புகள்.

இன்றைக்கு நான் பேச வந்தது இந்தச் சார்புகளைப் பற்றித்தான். அதைக் கவனித்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால் நட்டம் கணினிக்காரருக்கு மட்டும் இல்லை. உங்க ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கும், பிள்ளையின் மதிப்பெண்ணும் அதுக்குள்ளேதான் இருக்கு.

கடன் வாங்குவது தப்பில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர் எழுதிய லைப்ரரியை எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம் இல்லை, திருட்டும் இல்லை. பெரும்பாலும் அதுதான் பாதுகாப்பான வழி.

ஒரு சின்ன உதாரணம். 'முத்துலட்சுமி' என்று எழுதுங்க. நாம் எண்ணினால் 7 எழுத்து. யூனிகோடு முறையில் கணினி அதை 13 குறிகளாக வைத்திருக்கு. ஏன் என்றால் கொக்கி, சுழி, புள்ளி எல்லாம் அதுக்குத் தனித்தனிக் குறி. 'பெயர் 10 எழுத்துக்கு மேல் போகக்கூடாது' என்று ஒரு படிவத்தில் விதி வைத்து, தமிழ் தெரியாத முறையில் எண்ணினால், முத்துலட்சுமி அம்மாவின் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். இதைச் சரியாக எண்ணுவதற்கென்றே 'ஓபன்-தமிழ்' என்று ஒரு லைப்ரரி இருக்கு. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. தமிழ் ஆர்வலர்கள் எழுதிப் பொதுவில் வைத்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் தானே எழுதித் தப்புச் செய்வதைவிட, பலரும் பார்த்துத் திருத்திய அதை எடுத்துக்கொள்வது நல்லதுதானே?

மத்திய அரசே 2015இல் திறமூல மென்பொருளைப் பயன்படுத்துவதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆகவே எடுப்பதில் சிக்கல் இல்லை. எடுத்த பிறகு, என்ன எடுத்தோம், எங்கிருந்து எடுத்தோம், இப்போ அது எந்த நிலையில் இருக்கு என்று பார்க்காமல் விடுவதில்தான் சிக்கல்.

திரி வராவிட்டால் வெடி இல்லை

நம்ம பக்கத்தில் இதை விளக்குவது சுலபம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பட்டாசுப் பெட்டி எப்படி உருவாகுது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதக் குழாய் ஒரு இடம், திரி ஒரு இடம், லேபிள் அச்சு ஒரு இடம், ரசாயனம் வெளியூரிலிருந்து. ஆலையின் பெயர் பெட்டி மேல் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டி பல பேரை நம்பி நிற்குது. திரி வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

மென்பொருளிலும் அதேதான். 2016 மார்ச் 22ஆம் தேதி நடந்த சம்பவத்தைச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் வேலை செய்கிறவர்கள் 'என்பிஎம்' என்ற பொதுக் கிடங்கிலிருந்து லைப்ரரிகளை எடுப்பார்கள். அதில் 'லெஃப்ட்-பேட்' என்று ஒன்று. மொத்தமே 11 வரிதான். ஒரு எண்ணுக்கு முன்னால் தேவையான அளவு சுழியமோ இடைவெளியோ சேர்க்கும், அவ்வளவுதான். அதை எழுதியவருக்கும் கிடங்கை நடத்தியவர்களுக்கும் வேறொரு தொகுப்பின் பெயர் குறித்து மனக்கசப்பு. அவர் தான் எழுதிய எல்லாவற்றையும் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மென்பொருள் வேலைகள் அப்படியே நின்றன. அவர்களில் பலருக்குத் தாங்கள் லெஃப்ட்-பேடை நம்பி இருப்பதே தெரியாது. அவர்கள் எடுத்த லைப்ரரி வேறு ஒன்றை எடுத்திருக்கும், அது இன்னொன்றை எடுத்திருக்கும், அது லெஃப்ட்-பேடை எடுத்திருக்கும். சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்தார்கள். அதற்குப் பிறகு, எழுதியவர் நினைத்த மாத்திரத்தில் எடுத்துவிட முடியாதபடி விதியையும் மாற்றினார்கள்.

தேவையான லைப்ரரியின் ஒரு பிரதியைத் தன் பக்கம் வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்குப் பாதிப்பு இல்லை. இது முதல் பாடம்.

பேரியம் தடை வந்தபோது

அடுத்தது நம்ம ஊரே அனுபவித்த விஷயம். 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு பயன்படுத்தக்கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் தயாரிக்க வேண்டும் என்று சொன்னது. அதுக்கு முந்தைய ஆண்டே ஆர்சனிக், பாதரசம், ஈயம், லித்தியம், ஆண்டிமனி ஆகியவற்றுக்கும் தடை வந்திருந்தது. பேரியம் நைட்ரேட் இல்லாமல் கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும் எப்படிச் செய்வது என்று ஊரே தவித்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் மாற்றுக் கலவைகளைக் கொடுத்தது. 2019இல் க்யூஆர் குறியீடு போட்ட பசுமைப் பட்டாசுகள் வெளிவந்தன.

அந்த நேரத்தில் ஒவ்வொரு ஆலையும் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: நம்ம தயாரிப்பில் எதெதில் பேரியம் இருக்கு? கலவைக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். எழுதி வைக்காவிட்டால் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

மென்பொருள் உலகத்துக்கு அந்தக் கேள்வி 2021 டிசம்பரில் வந்தது. 'லாக்4ஜே' என்று ஜாவா மொழியில் ஒரு லைப்ரரி. செயலியில் நடப்பதை எல்லாம் நாட்குறிப்பு மாதிரி எழுதி வைப்பது அதன் வேலை. யார் எப்போ உள்ளே வந்தார்கள், எங்கே தவறு வந்தது, இப்படி. அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் தன்னார்வலர்கள் பராமரித்து வந்தார்கள். அதில் ஒரு ஓட்டை இருந்தது. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியை ஒருவர் தட்டினால், லாக்4ஜே அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல், அதில் சொன்ன முகவரிக்குப் போய், அங்கிருக்கும் நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். வருகைப் பதிவேட்டில் ஒருவர் 'பீரோவைத் திற' என்று எழுதிவிட்டுப் போக, அதை வாசித்த எழுத்தர் நிஜமாகவே எழுந்து போய் பீரோவைத் திறந்த கதைதான்.

ஆபத்தின் அளவுகோலில் 10க்கு 10 கொடுத்தார்கள். நம்ம நாட்டின் செர்ட்-இன் அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. திருத்திய பதிப்பு உடனே வந்தது. அதிலும் குறை இருந்ததால் 2.15, 2.16, 2.17 என்று அந்த ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். மருந்து இருந்தது. யாருக்கு நோய் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. கூகுள் நிறுவனத்தின் குழு ஒன்று ஜாவாவின் பொதுக் கிடங்கை அலசியபோது, 35,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இந்த ஓட்டையைச் சுமந்துகொண்டிருந்தன. அவற்றில் நேரடியாக லாக்4ஜேவை எடுத்தவை சுமார் 7,000தான். மற்றவை எல்லாம் வேறொன்றின் வழியாக, தெரியாமலே உள்ளே வந்தவை. பட்டியல் வைத்திருந்தவர்கள் எங்கே இருக்கு என்று சீக்கிரம் கண்டுகொள்ள முடிந்தது. வைக்காதவர்கள் வாரக்கணக்கில் தேடினார்கள்.

பூட்டி வைத்துவிட்டு மறப்பது

"சரி சார், நல்ல பதிப்பாகப் பார்த்துப் போட்டுப் பூட்டி வைத்துவிட்டால் போதாதா? ஓடுகிற வண்டியை ஏன் கழற்றணும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதுக்கும் ஒரு விலை இருக்கு.

அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்று ஒரு நிறுவனம். நம்ம ஊர் சிபில் மாதிரி, மக்களின் கடன் வரலாற்றை வைத்திருப்பது. அவர்களின் இணையச் செயலி ஒன்று 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற தொகுப்பை நம்பி இருந்தது. அதில் ஓட்டை இருப்பது தெரிந்து 2017 மார்ச் மாதமே திருத்தம் வெளியானது. ஈக்விஃபாக்ஸ் அந்த ஒரு செயலியில் அதைப் போடவில்லை. தங்களிடம் எங்கெங்கே ஸ்ட்ரட்ஸ் இருக்கு என்று முழுப் பட்டியல் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று பிறகு நடந்த விசாரணைகளில் தெரிந்தது. மே மாதம் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஜூலைக் கடைசி வரை இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. திருத்தம் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு மாதமாக இருந்தது.

நிறுவனம் அபராதம் கட்டியது. ஆனால் மக்கள் என்ன செய்வார்கள்? பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

பூட்டாமல் திறந்து விடுவது

இதுக்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. 'பாலிஃபில்' என்று ஒரு லைப்ரரி. பழைய பிரவுசர்களில் புதிய வசதிகள் வேலை செய்ய உதவுவது. பலரும் அதைத் தங்கள் சர்வரில் பிரதி எடுத்து வைக்காமல், ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அதன் இணைய முகவரியிலிருந்தே வரும்படி எழுதிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அந்த முகவரி வேறொரு கைக்கு விற்கப்பட்டது. 'எடுத்துவிடுங்கள்' என்று அந்த லைப்ரரியை முதலில் உருவாக்கியவரே அப்போது எச்சரித்தார். ஜூன் மாதம் உண்மை வெளியானது. அங்கிருந்து வந்த நிரலில் விஷம் கலந்திருந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன.

இதில் நீங்க கவனிக்க வேண்டியது, அது குறிவைத்தது செல்போன்காரர்களைத்தான். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் தளம் ஒழுங்காகத் தெரியும். போனில் திறந்தவரைச் சில நேரம் மட்டும் பந்தயச் சூதாட்டப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். தளத்தின் சொந்தக்காரர் தன் மேசையில் சோதித்துப் பார்த்தால் குறையே தெரியாது. சரக்கு கொடுக்கும் கடையின் போர்டு அதேதான், உள்ளே முதலாளி மாறிவிட்டார். அது தெரியாமல் நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டே இருந்தோம்.

கட்டுகிறவர்கள் செய்ய வேண்டியது

இப்போ மாணவர்களுக்கும், சிறு நிறுவனங்களுக்குத் தளம் செய்து கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, பட்டியல். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, அது எதை எடுத்தது, எல்லாம் எழுத்தில் இருக்கணும். கையால் எழுத வேண்டாம். அதுக்குக் கருவிகள் இருக்கு. செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் இந்தப் பட்டியலை எப்படித் தயாரிப்பது, எதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கு. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் மென்பொருள் வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

இரண்டு, பூட்டு. என்பிஎம், கம்போசர் போன்ற கருவிகள் ஒரு லாக் ஃபைலை உருவாக்கும். எந்தப் பதிப்பை எடுத்தோம் என்பது அதில் துல்லியமாக இருக்கும். என்பிஎம் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு கைரேகையையும் அதில் பதிந்து வைக்கும். நாளைக்கு அதே பெயரில் வேறு சரக்கு வந்தால் கைரேகை பொருந்தாது, கருவி நிறுத்திவிடும். அந்த ஃபைலை அழிக்காதீங்க, நிரலோடு சேர்த்தே சேமித்து வைங்க.

மூன்று, பராமரிப்பு. மாதம் ஒரு நாள் ஒதுக்கி 'என்பிஎம் ஆடிட்', 'பிப்-ஆடிட்' மாதிரியான சோதனையை ஓட்டுங்க. பதிப்பு எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்க. 2.4.1 என்பது 2.4.2 ஆனால் பெரும்பாலும் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். 3.0.0 ஆனால் பழைய முறைகள் சில வேலை செய்யாமல் போகலாம். அதனால் முதலில் சோதனைத் தளத்தில் போட்டு, விண்ணப்பம் முழுசாகப் போகுதா என்று பார்த்துவிட்டுத்தான் மக்கள் பயன்படுத்தும் தளத்தில் மாற்றணும். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மாதக் கடைசி வரை காத்திருக்கக்கூடாது.

நான்கு, குறைவாக எடுங்க. இரண்டு வரியில் நீங்களே எழுதக்கூடியதுக்கு லைப்ரரி வேண்டாம். எடுக்கும் முன் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்க. பிரபலமான பிராண்டின் லேபிளில் ஒரு எழுத்தை மாற்றி அச்சடிப்பது மாதிரி, லைப்ரரிப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்து ஏமாற்றுவது அந்தக் கிடங்குகளில் அடிக்கடி நடக்குது.

ஐந்து, இடைவெளி. பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி ஏன் விடச் சொல்கிறார்கள்? ஒன்றில் நடந்த விபத்து மற்றொன்றுக்குத் தாவக்கூடாது. அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செயலியிலும் போட்டோ சுருக்கும் பகுதிக்கு மக்களின் தகவல் கிடங்கைத் திறக்கும் அனுமதி தேவையே இல்லை. கொடுக்காதீங்க.

தளம் போடச் சொல்கிறவர்கள் கேட்க வேண்டியது

சிவகாசியில் ஆடி 18 அன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுகிறார்கள். அங்கிருந்து ஜனவரி வரை அச்சகத்தில் ராப்பகல் வேலை. ஒரு அச்சக உரிமையாளர் ஆர்டர் எடுப்பதற்கென்று ஒரு தளம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீசன் முடிந்ததும் அடுத்த ஆடி வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அச்சு இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மூடி வைப்பார். தளத்துக்கு மட்டும் அந்தக் கவனிப்பு கிடையாது. ஆனால் வாடிக்கையாளரின் போன் நம்பரும் முகவரியும் அதில் அப்படியே இருக்கு. வேர்ட்பிரஸ் தளம் என்றால் அதில் சேர்த்த பிளகின்கள் ஒவ்வொன்றும் ஒரு சார்புதான். ஆறு மாதத்தில் எதில் ஓட்டை வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் தளம் செய்து கொடுக்கிறவரிடம் பேசும்போதே மூன்று கேள்வி கேளுங்க. உள்ளே என்னென்ன லைப்ரரி போட்டிருக்கீங்க, பட்டியல் கொடுப்பீங்களா? முடிச்சுக் கொடுத்த பிறகு அப்டேட் பார்ப்பது யார் பொறுப்பு? அதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்குப் பதிலாக ஒரு தொகை வந்தால் முகம் சுளிக்காதீங்க. வண்டிக்கு சர்வீஸ் செலவு உண்டு என்று ஒத்துக்கொள்கிறோம் இல்லையா, இதுவும் அதே மாதிரிதான். 'ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், ஆயுசுக்கும் ஓடும்' என்று ஒருவர் சொன்னால், அங்கேதான் நீங்க யோசிக்கணும்.

நம்ம எல்லோருக்கும்

தளம் கட்டாத, வாங்காத, பயன்படுத்த மட்டும் செய்கிற நாம் என்ன செய்யலாம்?

போனில் செயலியின் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீங்க. வெளியே ஒரு மாற்றமும் தெரியாத அப்டேட்டில்தான் பல நேரம் உள்ளே ஒரு லைப்ரரியின் ஓட்டையை அடைத்திருப்பார்கள். பிரவுசரையும் புதுப்பித்து வைங்க. செயலியை பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்க. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடவே வேண்டாம்.

நம்பிக்கையான தளத்தில் இருக்கும்போது திடீரென்று சூதாட்டமோ பரிசோ வேறு பக்கம் திறந்தால், உங்க போன் கெட்டுவிட்டது என்று மட்டும் நினைச்சு விட்டுவிடாதீங்க. அந்தத் தளத்திலேயே கோளாறு இருக்கலாம். திரையைப் படம் பிடித்து, தேதி நேரத்தோடு தளத்தை நடத்துகிறவர்களுக்குத் தெரியப்படுத்துங்க. சேவையில் குறை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930. நீங்க சொல்கிற அந்த ஒரு தகவல்தான் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத விஷயமாக இருக்கலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கு என்று கேட்கும் பழக்கம் இந்த வட்டாரத்துக்கு ஏற்கெனவே உண்டு. பட்டாசுப் பெட்டியில் க்யூஆர் குறியீட்டைத் தேடிப் பார்த்து வாங்குகிறோம். அந்தக் கேள்வியை இனி செயலியைப் பார்த்தும் கேட்போம். கேட்கிறவர்கள் இருந்தால்தான் பட்டியல் எழுதுகிறவர்களும் இருப்பார்கள்.